பிள்ளை வளர்ச்சியும் வளர்ப்பவர் மனநலமும்: ஐந்து அமைப்புகள் சேர்ந்து தொடங்கும்போது முதல் வேலை எது?

நடைவண்டி (கேள்வி)

வணக்கம். ஒரு சுகாதார நிலையம், இரண்டு மழலையர் பள்ளிகள், ஒரு பொது நூலகம், மனநல ஆலோசனை தரும் ஒரு தொண்டு அமைப்பு ஆகிய ஐந்தும் சேர்ந்து ஒரு கூட்டுமுயற்சி தொடங்கவிருக்கிறோம். பிறந்ததிலிருந்து 5 வயது வரையுள்ள பிள்ளைகளின் வளர்ச்சியையும், அவர்களை வளர்க்கும் பெரியவர்களின் மனநலத்தையும் ஒரே வேலையாகப் பார்க்க வேண்டும் என்பது எண்ணம். சுமார் 400 குடும்பங்கள். முழுநேர ஒருங்கிணைப்பாளர் ஒருவர், வாரம் 20 மணி நேரம் வேலை செய்யும் களப்பணியாளர்கள் 6 பேர், 18 மாதங்களுக்கான நிதி. இவ்வளவுதான் கையில் இருக்கிறது.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

ஐந்து அமைப்புகளில் யார் தலைமை ஏற்பது? வீட்டுச் சந்திப்பை எத்தனை நாளுக்கு ஒருமுறை வைப்பது, உள்ளே என்ன செய்வது? தாய்மாரின் மனச்சோர்வைக் களப்பணியாளரே கேட்டறியலாமா, கேட்ட பிறகு என்ன? 18 மாத முடிவில் எதை அளந்து காட்டுவது?

---

தூளி

தலைமை யார் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதல் கூட்டத்தில் ஒரு பெரிய தாளை விரித்து, ஒரே ஒரு பிள்ளையின் பாதையை வரையுங்கள். வயது 10 மாதம். பிடிமானம் இல்லாமல் உட்காரவில்லை. இது முதலில் யார் கண்ணில் படும்? அவர் யாரிடம் சொல்வார், ஃபோனிலா, சீட்டிலா? குடும்பம் அங்கே போய்ச் சேர்ந்ததா என்று யார் பார்ப்பார்? என்ன முடிவானது என்ற தகவல் முதலில் கவனித்தவருக்குத் திரும்பி வருமா? ஐந்து அமைப்பினரும் ஆளுக்கொரு நிறப் பேனாவால் தங்கள் பங்கை எழுதட்டும். எந்த நிறமும் படாத இடைவெளிகள்தான் உங்கள் வேலைத்திட்டம்.

இந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட உடலியக்க வளர்ச்சி ஆய்வின்படி, பிடிமானமின்றி உட்காருவதற்கான மேல்வரம்பு 9.2 மாதம், தனியாக நடப்பதற்கு 17.6 மாதம். ஆரோக்கியமான பிள்ளைகளில் நூற்றுக்கு 99 பேர் அதற்குள் செய்துவிடுவார்கள். ஆகவே 10 மாதத்தில் உட்காராத பிள்ளையை ‘போகப் போகச் சரியாகிவிடும்’ என்று விட முடியாது. ஆனால் அதே பிள்ளை 8 வாரம் முன்கூட்டிப் பிறந்திருந்தால், அந்த வாரங்களைக் கழித்த ‘திருத்திய வயது’ 8 மாதம்தான். மற்றதெல்லாம் சரியாக இருந்தால் சில வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம். (2 வயது வரை இப்படித் திருத்திய வயதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.) பிறந்த வாரக் கணக்கு இருப்பது சுகாதார நிலையப் பதிவேட்டில். பிள்ளை உட்காரவில்லை என்று கவனித்ததோ நூலகத்தில் கதை நேரம் நடத்துபவர். இந்த ஒரு எண் இங்கிருந்து அங்கே போகவில்லை என்றால், பயப்பட வேண்டாத தாயைப் பயமுறுத்துவோம், அல்லது அனுப்ப வேண்டிய பிள்ளையைத் தவறவிடுவோம். கூட்டாக வேலை செய்வதன் பொருள் இந்த எண் போய்ச் சேருவதுதான். பேனரில் ஐந்து சின்னங்களை அச்சிடுவது அதற்கு ஈடாகாது.

இனி தலைமைக்கு வருவோம். பல அமைப்புகள் ஒரே இலக்குக்காகச் சேர்ந்து வேலை செய்ய, ‘கலெக்டிவ் இம்பாக்ட்’ என்று 2011 முதல் பேசப்படும் முறையில் முதுகெலும்பு அமைப்பு என்று ஒன்று உண்டு. கூட்டம் கூட்டுவது, பதிவுகளைச் சேர்ப்பது, சிக்கியதை விடுவிப்பது அதன் வேலை. மற்றவர்களுக்கு மேலதிகாரியாக இருப்பது அல்ல. நேரடிச் சேவை மிகக் குறைவாகச் செய்யும் அமைப்பிடம் இதைக் கொடுப்பது நல்லது. உங்கள் பட்டியலில் அது நூலகம். சுகாதார நிலையத்திடம் கொடுத்தால் தடுப்பூசி முகாம் வரும் வாரமெல்லாம் கூட்டம் தள்ளிப்போகும்.

கூட்டத்துக்கு இரண்டு விதிகள் போதும். ஒவ்வொரு அமைப்பிலிருந்தும் எப்போதும் அதே ஆள் வர வேண்டும், அவருக்கு அங்கேயே முடிவு சொல்லும் அதிகாரம் இருக்க வேண்டும். ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பவர் மாறி மாறி வந்தால் மூன்றாவது கூட்டத்திலேயே முயற்சி தளர்ந்துவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, 45 நிமிடம், சிக்கிக்கொண்ட குடும்பங்களைப் பற்றி மட்டும் பேசுங்கள். நடந்த நிகழ்ச்சிகளின் அறிக்கை வாசிப்பதை அங்கே அனுமதிக்காதீர்கள்.

ஒப்பந்தம் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். யார் எந்தத் தகவலை யாருக்கு எத்தனை நாளுக்குள் தருவார், ஊழியர் ஒருவர் விலகினால் அவர் பார்த்த குடும்பங்கள் யார் கைக்குப் போகும், ஒரு அமைப்பு வெளியேற விரும்பினால் எத்தனை நாள் முன்னறிவிப்பு. இந்த மூன்றையும் எழுதாமல் விட்டால் பின்னால் மனஸ்தாபம் நிச்சயம்.

---

மரப்பாச்சி

வீட்டுச் சந்திப்புக்கு முதலில் கணக்கைப் போடுங்கள். ஒரு சந்திப்பு 1 மணி நேரம், போகவர அரை மணி. 20 மணி நேரத்தில் பதிவுக்கும் மேற்பார்வைக்கும் 5 மணி கழித்தால் வாரத்துக்கு ஒருவரால் 10 வீடு. 6 பேருக்கு 60. வாரம் ஒருமுறை என்றால் 60 குடும்பம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் 120. எப்படிப் பார்த்தாலும் 400 வராது. இதை இப்போதே ஐந்து பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாரையும் தொட வேண்டும் என்ற ஆசையில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பதால் பிள்ளைக்கு எதுவும் மாறாது. 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் எடை குறைந்தோர், முன்கூட்டிப் பிறந்தோர், தாய்க்கு மனச்சோர்வு உள்ளோர் வீட்டுச் சந்திப்புக்கு. மற்றவர்களுக்கு நூலகத்திலும் பள்ளியிலும் 8 முதல் 10 குடும்பங்கள் கொண்ட குழு அமர்வு.

நேரத்தின் அளவு ஏன் முக்கியம் என்பதற்கு ஜமைக்காவில் 1986-87இல் தொடங்கிய ஆய்வு நல்ல சான்று. வளர்ச்சி குன்றிய (வயதுக்கேற்ற உயரம் இல்லாத) 9 முதல் 24 மாதக் குழந்தைகள் 129 பேர். அவர்களில் ஒரு பகுதியினர் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் வாரம் 1 மணி நேரம் என 2 ஆண்டுகள் போய், தாயும் பிள்ளையும் விளையாடுவதற்குக் கைகொடுத்தார். சுமார் 20 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தச் சந்திப்பு கிடைத்தவர்களின் வருமானம் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. கூடுதல் ஊட்டச்சத்து மட்டும் பெற்றவர்களிடம் அந்த நீண்டகாலப் பலன் தெரியவில்லை.

இனி, உள்ளே என்ன நடக்க வேண்டும். அதிகம் தவறுவது இங்கேதான். பணியாளர் பையிலிருந்து பொம்மையை எடுக்கிறார், பிள்ளையோடு அழகாக விளையாடுகிறார், பிள்ளை சிரிக்கிறது. தாய் சுவரோரம் நின்று பார்க்கிறார். பார்க்க மனநிறைவாக இருக்கும். ஆனால் பணியாளர் கிளம்பியதும் விளையாட்டும் கிளம்பிவிடும். ‘இதெல்லாம் படித்தவர்கள் செய்கிற வேலை’ என்பதைத்தான் அந்தத் தாய் கற்றுக்கொண்டிருப்பார்.

சரியான முறை இப்படி. பிள்ளைக்கு 9 மாதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிண்ணமும் ஒரு துணியும் போதும். பணியாளர் கிண்ணத்தைத் துணியால் மூடுவதை ஒரே ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, துணியைத் தாயின் கையில் கொடுக்கிறார். பிறகு தன் கைகளை மடியில் வைத்துக்கொள்கிறார். தாய் மூடுகிறார். பிள்ளை தாயின் முகத்தைப் பார்க்கிறது, துணியைப் பார்க்கிறது, மறுபடி முகத்தைப் பார்க்கிறது. தாய்க்கு அவசரம், தானே துணியை எடுக்கப் போகிறார். பணியாளர் மெதுவாக, ‘கொஞ்சம் பொறுங்க, அவனே என்ன பண்றான்னு பார்ப்போம்’ என்கிறார். நான்கைந்து வினாடி மௌனம். பிள்ளை துணியை இழுக்கிறது. அப்போது பணியாளர் பாராட்ட வேண்டியது பிள்ளையை அல்ல: ‘நீங்க பொறுத்துக் கொடுத்தீங்க, அதான் அவனே கண்டுபிடிச்சான்.’ அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்ட தாய் மறுநாளும் செய்வார். பயிற்சி நாட்களில் பாதியை இந்த ‘கையை மடியில் வை’ பழக்கத்துக்கே ஒதுக்குங்கள்.

பொருட்களைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒவ்வொரு முறையும் இரண்டு பொருளை வீட்டில் விட்டு வாருங்கள், அடுத்த முறை மாற்றிக்கொள்ளுங்கள், சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து அடுத்த வீட்டுக்கு. உடைந்தாலோ தொலைந்தாலோ குடும்பத்தைக் கேட்கக் கூடாது. கேட்டால் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் எடுத்து வைத்துவிடுவார்கள். 3 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, சுமார் 3.2 செ.மீ. விட்டமுள்ள குழாய்க்குள் போகும் எந்தப் பொருளும் ஆகாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் செய்யும் கிலுகிலுப்பையின் மூடியைப் பசை வைத்து ஒட்டி, மேலே டேப் சுற்றி, ஒவ்வொரு வாரமும் முறுக்கிப் பாருங்கள்.

அப்பாக்களை மறந்துவிடாதீர்கள். 60 சந்திப்பில் ஆறையாவது மாலையிலோ விடுமுறை நாளிலோ வையுங்கள்.

---

அகல்

மனநலப் பகுதிக்கு நான் பதில் சொல்கிறேன்.

களப்பணியாளர் கேட்டறியலாம். எடின்பரோ அளவுகோல் இதற்கென்றே 1987இல் வந்தது. 10 கேள்வி, கடந்த 7 நாட்களைப் பற்றியது, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 30. 13ம் அதற்கு மேலும் வந்தால் மனச்சோர்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்று பலர் கொள்கிறார்கள். 10 வந்தாலே இரண்டு வாரத்தில் மீண்டும் பார்ப்பது பாதுகாப்பு. இது நோயைக் கண்டறியும் பரிசோதனை அல்ல, வடிகட்டிதான். ‘உங்களுக்கு டிப்ரஷன்’ என்று பணியாளர் ஒருபோதும் சொல்லக் கூடாது.

ஆனால் ஒரு நிபந்தனை. அனுப்ப இடம் தயாராகும் வரை கேட்கவே ஆரம்பிக்காதீர்கள். ஒருவர் மனதைத் திறந்து சொன்ன பிறகு ‘ஆறு வாரம் கழித்து வாருங்கள்’ என்றால், அடுத்த தடவை அவர் எல்லாவற்றுக்கும் 0 போடுவார். தொண்டு அமைப்பிடம் வாரத்துக்கு எத்தனை இடம் காலியாக உள்ளது என்று எழுத்தில் வாங்குங்கள். வாரம் 3 இடம்தான் என்றால், எத்தனை பேரை எந்த வேகத்தில் கேட்கலாம் என்பதை அந்த 3 தீர்மானிக்கட்டும்.

வரிசையாக 0 வருகிறதே, எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள் என்று மகிழ்ந்துவிடாதீர்கள். கேட்ட இடத்தைப் பாருங்கள். வீட்டார் பக்கத்தில் இருக்கும்போது கேட்டால் 0தான் வரும். படித்துக்காட்டும் பணியாளர், பத்தாவது கேள்விக்கு வந்ததும் சங்கடப்பட்டு, ‘அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே?’ என்று பதிலையும் சேர்த்தே கேட்டுவிடுவார். பத்தாவது கேள்வி தன்னைத்தானே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதை எழுதியுள்ளபடியே, அதே குரலில் கேட்கும் பயிற்சியைத் தனியாகக் கொடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. இதைப் பணியாளர் நம்பினால்தான் குரல் தடுமாறாது.

பிரசவமான 3 முதல் 5 நாட்களில் வரும் அழுகையும் தடுமாற்றமும் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கும். அந்த நாட்களில் அளவுகோலை எடுக்காதீர்கள், எண் தப்பாக ஏறும். பிள்ளைக்கு 6 வாரம் ஆனதும் ஒருமுறை, 4 மாதம் ஆனதும் ஒருமுறை வையுங்கள்.

பிறகு என்ன செய்வது? தாய்மாரின் மனச்சோர்வுக்குப் பேச்சு வழியாக உதவும் முறையைச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட ‘திங்கிங் ஹெல்தி’ கையேடு உங்களுக்கு அப்படியே பொருந்தும். பாகிஸ்தானில் ராவல்பிண்டிக்கு அருகிலுள்ள கிராமங்களில் மருத்துவர் அல்லாத பெண் சுகாதாரப் பணியாளர்களே இந்த முறையை நடத்தினார்கள். 2008இல் முடிவு வெளிவந்தது. பிள்ளைக்கு 6 மாதம் ஆனபோது, இந்த உதவி பெற்ற தாய்மாரில் 23 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 53 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு நீடித்தது. பிள்ளைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி கூடியது, பெற்றோர் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியது. தாயின் மனமும் பிள்ளையின் வளர்ச்சியும் ஒரே சந்திப்புக்குள் ஏன் வர வேண்டும் என்று யாராவது கூட்டத்தில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பணியாளர்களின் மனதையும் கணக்கில் சேருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 90 நிமிடம் குழுவாக உட்கார வேண்டும். எத்தனை வீடு போனாய் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. எந்த வீட்டை விட்டு வந்த பிறகும் மனது அங்கேயே இருக்கிறது என்பதே பேச்சு. சம்பள நேரத்துக்குள் இதை வையுங்கள்.

---

நடைவண்டி

மூவருக்கும் நன்றி. 120 கணக்கை இன்றே எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். இரண்டு சந்தேகம். ஒன்று, 14 மதிப்பெண் வந்த தாய் எங்கும் போக மாட்டேன் என்றால் பணியாளர் என்ன செய்வது? பத்தாவது கேள்விக்கு 1 வந்தால் அன்றே என்ன செய்வது? இரண்டு, அளவீடு. ஒரு பங்காளி அமைப்பு முழுப் பகுதிக்கும் பெரிய கணக்கெடுப்பு வேண்டும் என்கிறது.

---

அகல்

போக மாட்டேன் என்பவரை வற்புறுத்தாதீர்கள். பெரும்பாலும் தடை மனதில் இருக்காது. பிள்ளையை யாரிடம் விடுவது, போகவர எவ்வளவு நேரம், வீட்டில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்பவைதான். ‘ஏன் வேண்டாம்’ என்று கேட்காமல் ‘போவதாக இருந்தால் எது கஷ்டமாக இருக்கும்’ என்று கேளுங்கள். ஆலோசகர் நூலகத்துக்கே வாரம் ஒரு காலை வந்து உட்கார்ந்தால் பாதிச் சிக்கல் தீரும். கதை நேரத்துக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வர எந்த வீட்டிலும் தடை இருக்காது. முதல் தடவை பணியாளரே கூடப் போய் அறிமுகம் செய்யட்டும், ஃபோன் எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு வருவதில் பயன் குறைவு. அப்படியும் வேண்டாம் என்றால் வீட்டுச் சந்திப்பை நிறுத்தாதீர்கள், இரண்டு வாரத்தில் மீண்டும் அளவெடுங்கள்.

பத்தாவது கேள்விக்கு 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவாக இருந்தாலும், அன்றே நடவடிக்கை. பணியாளர் மூன்று கேள்வி நேராகக் கேட்க வேண்டும்: இப்போதும் அந்த எண்ணம் இருக்கிறதா, எப்படி என்று யோசித்தது உண்டா, அதற்கான பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறதா. பிறகு அங்கிருந்தபடியே மேற்பார்வையாளருக்கு ஃபோன். அந்த ஃபோனை வேலை நேரம் முழுக்க ஒருவர் எடுத்தே ஆக வேண்டும், அவர் விடுப்பு என்றால் மாற்று ஆளின் பெயர் முன்பே அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். எண்ணமும் திட்டமும் இருந்தால் அவரைத் தனியே விடக் கூடாது. மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை அகற்ற, தாய் நம்பும் ஒருவரை அவர் சம்மதத்தோடு சேர்த்துக்கொண்டு, அதே நாள் மருத்துவரிடம். உயிருக்கு ஆபத்து என்றால் ரகசியம் காக்க முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லியிருக்க வேண்டும். நெருக்கடியில் முதன்முறையாகச் சொன்னால் துரோகமாகப் படும்.

இன்னொன்றையும் பணியாளர் கையேட்டில் கொட்டை எழுத்தில் போடுங்கள். பிரசவத்துக்குப் பின், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில், தூக்கமே தேவையில்லாததுபோல் இருப்பது, பிள்ளையைப் பற்றி விசித்திரமான நம்பிக்கைகள், இல்லாத குரல் கேட்பது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டுதான், ஆனால் அவசரச் சிகிச்சை. அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்காரும் நேரமில்லை, நேராக மருத்துவமனை.

---

கணக்குப்பிள்ளை

முழுப் பகுதிக் கணக்கெடுப்பு கேட்பவர்கள் மனதில் பள்ளிக்கு வரும் வயதில் பிள்ளைகளின் வளர்ச்சியை அளக்க, கனடாவில் உருவான இ.டி.ஐ. போன்ற கருவி இருக்கலாம். ஆசிரியர்கள் நிரப்புவது, ஐந்து துறைகள், 100க்கு மேற்பட்ட கேள்விகள். ஆஸ்திரேலியா அதைத் தழுவி 2009 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை நாடு முழுக்க எடுக்கிறது. பகுதிக்குப் பகுதி ஒப்பிடவே அது. ஒரு தனிப் பிள்ளைக்கு என்ன தேவை என்று அது சொல்லாது. உங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பள்ளிக்கே வராத வயது, நிதியோ 18 மாதம். இப்போது வேண்டாம்.

முதல் ஆண்டு இரண்டு எண் போதும். ரெஃபர் செய்த நாளுக்கும் முதல் சந்திப்பு நடந்த நாளுக்கும் இடையே எத்தனை நாள். ரெஃபர் செய்தவர்களில் எத்தனை சதவீதம் போய்ச் சேர்ந்தார்கள். நாட்களுக்குச் சராசரி எடுக்காதீர்கள், வரிசைப்படுத்தி நடுவில் வரும் எண்ணை எடுங்கள். 90 நாள் காத்த ஒருவர் சராசரியைக் கெடுத்துவிடுவார், ஆனால் அந்த ஒருவரைத் தனியாக எடுத்துக் கூட்டத்தில் பேசுங்கள்.

பொதுத் தாளில் ஆறு நெடுவரிசை மட்டும்: குடும்ப எண் (பெயர் வேண்டாம்), பிள்ளையின் திருத்திய வயது மாதத்தில், யார் அனுப்பியது, எங்கே, அனுப்பிய நாள், போய்ச் சேர்ந்த நாள். எடின்பரோ மதிப்பெண் இந்தத் தாளில் வரவே கூடாது. பள்ளி ஆசிரியருக்கு ஒரு தாயின் மனநிலை எண் தெரிய வேண்டிய தேவை இல்லை. அந்தப் பதிவு ஆலோசகரிடமும் மேற்பார்வையாளரிடமும் மட்டும். வாட்ஸ்அப் குழுவில் பெயரோடு விவரம் போடுவதை முதல் நாளே தடை செய்யுங்கள். அவசரத்தில் எல்லாரும் அதைத்தான் செய்வார்கள்.

சம்மதப் படிவத்தில் ‘தகவல் பகிரப்படும்’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். ஐந்து அமைப்பின் பெயரையும் வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் தனி டிக் பெட்டி வையுங்கள். ஒன்றுக்குச் சம்மதம், மற்றதற்கு இல்லை என்று சொல்ல வழி இருந்தால்தான் அது சம்மதம்.

பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்க ஒரே ஒரு கருவியை ஐந்து பேரும் ஒத்துக்கொள்ளுங்கள். ஏ.எஸ்.க்யூ.-3 என்றால் வயதுக்கேற்ப 21 படிவம், ஒவ்வொன்றிலும் 30 கேள்வி, பெற்றோரே நிரப்பலாம், ஆனால் உரிமம் வாங்க வேண்டும். எதை எடுத்தாலும் ஒருவர் கேட்டதை இன்னொருவர் மறுபடி கேட்கக் கூடாது. ஒரே தாயிடம் ஒரே மாதத்தில் மூன்று பேர் ‘பிள்ளை பேசுகிறதா’ என்று கேட்டால், நான்காவது ஆளுக்கு அவர் கதவைத் திறக்க மாட்டார்.

---

தூளி

கணக்குப்பிள்ளை சொன்னதோடு ஒன்று. எந்தக் கருவிக்கும் காத்திராமல் நேராக அனுப்ப வேண்டிய அறிகுறிகளை ஒரு அட்டையில் அச்சடித்து ஐந்து இடத்திலும் மாட்டுங்கள்: 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை, எந்த வயதிலும் தெரிந்திருந்த ஒன்றை இழப்பது. கடைசியானது வந்தால் அந்த வாரமே அனுப்ப வேண்டும். தாய் அல்லது அப்பா ‘எனக்கு என்னவோ சரியாகப் படவில்லை’ என்று சொன்னாலும் அனுப்பக் காரணம் அதுவே போதும் என்று அட்டையின் அடியில் சேருங்கள்.

18 மாதத்தில் 12வது மாதமே, நிதி நின்றால் எந்த வேலை எந்த அமைப்பின் சொந்த வேலைநேரத்துக்குள் போகும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். 17வது மாதம் கேட்டால் பணியாளர்கள் வேறு வேலை தேடிப் போயிருப்பார்கள்.